பெஞ்சிலிருந்து வந்த கேள்வி

அரசவை கூடியிருந்தது. அரசர் அட்டைக் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, "மந்திரி! நாட்டில் மழை உண்டா? விளைச்சல் உண்டா?" என்று கேட்டார். மந்திரி வாயைத் திறப்பதற்குள் பக்கத் திரையை விலக்கிக்கொண்டு பபூன் பக்கிரிசாமி உள்ளே வந்தார். கக்கத்தில் ஒரு சுரைக்காய்.

அந்த நாடகத்தில் சுரைக்காய்க்கு வேலை கிடையாது. அன்று பிற்பகல் பினாங்கின் சௌராஸ்தா சந்தையில் அவர் வாங்கியது அது. வீட்டில் வைத்துவிட்டு வர நேரமில்லை, அல்லது மனமில்லை. அரசரின் சிம்மாசனத்துக்குக் கீழே அதைப் பத்திரமாக உருட்டிவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்தார். பிறகு மந்திரியின் பதிலைத் தாமே சொன்னார்.

"மழைக்கு என்ன கொறைச்சல் மன்னா? மூட்டை மூட்டையா நெல்லு வந்து எறங்குது."

அப்போது பெஞ்சு வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. கொட்டகையின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் குரல்.

"பாத்தியா?"

அரசர் திகைத்தார். ஆர்மோனியக்காரர் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார். பக்கிரிசாமி மட்டும் அவசரப்படவில்லை. நெற்றிக்கு மேல் கையை வைத்து பெஞ்சுப் பக்கம் பார்த்தார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு விட்டார்.

"நான் எங்கடா பாத்தேன்? பாத்தவன் மூட்டைக்கு அடியில கெடக்கான்!"

பெஞ்சுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள். அவர்கள் சிரித்த சிரிப்பில் அரசவை கலைந்துபோயிற்று. நான் நாற்காலி வகுப்பில் இருந்தேன். பக்கிரிசாமியின் தொழில் வாழ்வில் எனக்குத் தெரிந்த பகுதி அங்கிருந்து தொடங்குகிறது.

கிழமை உண்டு, தேதி இல்லை

இது எந்த ஆண்டு என்று வாசகர்கள் கேட்பார்கள். இத்தொடரில் சென்ற வாரம் டிராம் வண்டியைப் பற்றி எழுதியபோதும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். நாடகத் துண்டு நோட்டீசுகளைச் சேர்த்துவைக்கும் பழக்கம் எனக்கு இளமையிலேயே உண்டு. ஆனால் அக்காலத்து நோட்டீசுகளில் 'சனி, ஞாயிறு, திங்கள்' என்று கிழமைதான் இருக்கும். தேதி போடமாட்டார்கள். கையில் நோட்டீசை வாங்கியவனுக்கு எந்தச் சனி என்று தெரியும். என்னைப் போல் பின்னால் தேடுகிறவனை அச்சுக்கூடத்தார் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே, டிராம் ஓடிக்கொண்டிருந்தது, பேசும் படம் இன்னும் வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆண்டைப் போட்டால் தவறாகப் போடுவேன்.

பக்கிரிசாமி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஒரு நாடகக் குழுவோடு வந்தவர். அந்நாளைய குழுக்களில் பபூன் தனி ரகம். ராஜபார்ட்டுக்குப் பாட்டும் வசனமும் பாடமாகியிருக்க வேண்டும். பபூனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. முதலில் மேடைக்கு வந்து கூட்டத்தைச் சிரிக்கவைத்து உட்கார வைக்க வேண்டும், நடுவில் யாராவது வசனத்தை மறந்தால் இட்டு நிரப்ப வேண்டும். இதற்கு எழுதிவைத்த பாடம் இல்லாததால் சிலர் ஊருக்கு ஊர் ஒரே வேடிக்கையைச் செய்தார்கள். பக்கிரிசாமி அன்றன்று சந்தையில் கிடைத்ததைக் கொண்டு செய்தார்.

குழு ஊர் திரும்பிய நாளில் அவர் கப்பலில் இல்லை. டுரியான் பழம் வாங்கப் போனவர், காம்பை முகர்ந்து, காதோரம் ஆட்டிப் பார்த்து, கடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். கப்பல் போய்விட்டது. அதை ஒரு நஷ்டமாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "பழம் நல்ல பழம்" என்பார், அவ்வளவுதான். உள்ளூர்க் குழு ஒன்று உடனே அவரைச் சேர்த்துக்கொண்டது. ஊர் அவருக்குப் 'பாசார் பக்கிரி' என்று பெயர் வைத்தது; பாசார் என்றால் மலாயில் சந்தை.

துறைமுகத்துக் குரல்

கேள்வி கேட்டவர் பெயர் காதர். இராமநாதபுரத்துக்காரர். எனக்கு வெல்ட் கீ துறைமுகச் சாலையில் கப்பல் கம்பெனி ஒன்றில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. ஆகையால் அவரை நாள்தோறும் பார்ப்பேன்.

நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து தொங்கான் எனப்படும் சரக்குப் படகுகளில் மூட்டைகளை இறக்குவார்கள். கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் ஆட்கள் மூட்டைகளைக் கயிற்று வலையில் கட்டுவார்கள். மேலே பாரம் தூக்கியின் அருகில் நிற்கிறவர் குனிந்து, "பாத்தியா?" என்று கத்துவார். கட்டு சரியா, அடியில் ஆள் யாரும் இல்லையே என்பது பொருள். "பாத்தாச்சு!" என்று கீழிருந்து பதில் வந்த பிறகுதான் கயிறு இறுகும். பதில் வராமல் தூக்கக்கூடாது. தூக்கிய இடங்களில் என்ன நடந்தது என்பது துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

காதருடைய வேலை அந்தக் கேள்வியைக் கேட்பது. பகல் முழுவதும் கேட்டுவிட்டு, அன்று வேலை முடிந்த கையோடு நாடகத்துக்கு வந்திருந்தார். பெஞ்சில் பாதித் தூக்கம். மூட்டை இறங்குகிறது என்ற சொல் காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது. இதை மறுநாள் அவரே என்னிடம் வெட்கத்தோடு சொன்னார்.

"சத்தியமா நாடகம்னு நெனப்பே இல்ல, கிராணியாரே. கப்பல்ல நிக்கிறதா நெனச்சுட்டேன்."

"அவர் கோபித்துக்கொள்ளவில்லையே" என்றேன்.

"கோவமா? ஆட்டம் முடிஞ்சு என்னயத் தேடி வந்தாருலா. நாளைக்கும் வரணும், அதே எடத்துல உக்காரணும்னு சொல்லிட்டுப் போறாரு."

காதர் மறுநாளும் போனார். அதற்கடுத்த ஆட்டங்களுக்கும் போனார். பக்கிரிசாமி எந்த நாடகத்தில் எந்தப் பெருமையைச் சொன்னாலும் ஒரு கணம் நிறுத்துவார். பெஞ்சிலிருந்து "பாத்தியா?" வரும். பிறகு பதில் வரும். பதில் என்ன என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது, பக்கிரிசாமி உட்பட.

வெளியில் காதர் அவரை 'அண்ணே' என்றும் 'வாங்க போங்க' என்றும்தான் பேசுவார். கொட்டகைக்குள் மட்டும் 'பாத்தியா?' இதை இருவருமே விசித்திரமாக நினைத்ததாகத் தெரியவில்லை.

கல்கத்தாவில் ஒரு முள்ளங்கி

பேசும் படம் வந்தது. ஒரு படக்கம்பெனி, தன் படத்தில் விகடம் செய்ய ஆள் தேடி, பினாங்கில் நாடகம் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டு, பக்கிரிசாமியைக் கல்கத்தாவுக்கு அழைத்தது. அந்நாளில் தமிழ்ப் படங்கள் பலவற்றை வடக்கே போய்த்தான் எடுத்தார்கள்.

இயக்குநருக்குத் தமிழ் தெரியாது. இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். பக்கிரிசாமி காமிராவுக்கு முன்னால் நின்று தம் வசனத்தைச் சொன்னார். வழக்கம்போல நிறுத்தினார். பெஞ்சு இருக்க வேண்டிய திசையைப் பார்த்தார். காதரின் கேள்வி எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு பதிலைச் சொன்னார். இது தமிழர்களின் நடிப்பு முறை என்று இயக்குநர் எடுத்துக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தாராம்.

சந்தைப் பழக்கமும் கூடவே போயிருந்தது. படத்தில் ஒரே அரசவைக் காட்சியில் பக்கிரிசாமியின் கையில் முதலில் சுரைக்காய் இருக்கும், அரசர் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் அது முள்ளங்கியாகிவிடும். பிற்பாடு நான் இதைப் பற்றிக் கேட்டேன்.

"காட்சிய ரெண்டு நாளா எடுத்தாங்க, தம்பி. சொரக்காய மொத நாளே கொழம்பு வெச்சுட்டேன்."

படம் தமிழ்நாட்டில் வெளியானது. பினாங்குக்கு வரும் கப்பலில் படச்சுருளுக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன செய்வார்கள்? வசனம் மறந்து விழிக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். மூளைக் கோளாறுள்ள பாத்திரம் போலிருக்கிறது என்று சிலர் இரக்கப்பட்டார்கள்.

பிறகு படம் பினாங்கு ரோட்டுக் கொட்டகைக்கு வந்தது. முதல் நாள் காதர் தம் பெஞ்சில் இருந்தார். திரையில் பக்கிரிசாமி பெரிய முகத்தோடு, "மூட்டை மூட்டையா நெல்லு வந்து எறங்குது" என்றார். நிறுத்தினார். பெஞ்சைப் பார்த்தார்.

"பாத்தியா?"

திரை பதில் சொன்னது. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. மற்ற ஊர்களில் படுத்த படம் இங்கே வாரக்கணக்கில் ஓடியது. பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வந்து பார்த்தார்கள். திரையில் ஓடும் படம் எங்கள் ஊர்க்காரர் ஒருவரோடு பேசுகிறது என்பது அவர்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

ஏஜெண்டு வந்தார்

கம்பெனிக்கு இது விளங்கவில்லை. வரதராஜன் என்ற ஏஜெண்டை அனுப்பினார்கள். ஒல்லியான மனிதர், வெள்ளை டிரில் கோட்டு, சிரிக்காத முகம். படத்தை இங்கத்து மக்களோடு உட்கார்ந்து பார்த்து, பக்கிரிசாமியை அடுத்த படத்துக்கு அழைத்துப் போகலாமா என்று முடிவு செய்ய வந்திருந்தார். அன்று மாலை ஆட்டம் பார்க்கிறார், மறுநாள் கப்பல்.

அதற்குள் பக்கிரிசாமி பினாங்கு திரும்பியிருந்தார். நிலைமை மாறியிருந்தது. அவர் நடித்த மேடையில் வெள்ளைத் திரை கட்டியாகிவிட்டது. உள்ளூர் நாடகக் குழு கலைந்து, ராஜபார்ட் ஈப்போவில் தையல் கடையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த படம் கிடைக்காவிட்டால் பக்கிரிசாமிக்குத் தெரிந்த ஒரே தொழில் இல்லாமல் போகும்.

அன்று மதியம் வெல்ட் கீயில் தேநீர்க் கடையில் நானும் காதரும் இருந்தபோது அவர் வந்தார். கையில் ஒரு கட்டு காங்கோங் கீரை.

"காதரு, இன்னைக்கு ஒரு நாள் நீ வாயத் தெறக்கப்படாது."

காதர் கிளாசைக் கீழே வைத்தார். "ஏண்ணே?"

"அந்த ஏஜெண்டு என் படத்தப் பாக்க வந்திருக்கான். உன்னப் பாக்க இல்ல. நீ கத்துனா, சிரிப்பு உன்னோடதுன்னு எழுதிட்டுப் போயிருவான்."

"நான் கேக்காட்டி நீங்க யாருக்குண்ணே பதில் சொல்லுவிய?"

"படத்துக்குச் சொல்லுவேன். படம்னா அதானே? தானா ஓடணும்."

"ஓடுமாண்ணே?"

"ஓடும்."

"பாத்தியளா?"

காதர் வேண்டுமென்று கேட்கவில்லை. வாயில் வந்துவிட்டது. பக்கிரிசாமி சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"நான் சொல்ற வரைக்கும் கொட்டகைக்குள்ள உன் வாய் தெறக்கப்படாது. சத்தியம் பண்ணு."

"சரிண்ணே" என்றார் காதர். பிறகு, கொஞ்சம் கழித்து, "அப்ப வீட்டுலயே இருந்துறட்டா?" என்று கேட்டார்.

"வேணாம். வந்து உக்காரு. நீ இல்லாட்டி எனக்கு எந்தப் பக்கம் பாக்குறதுன்னு தெரியாது."

திரையில் இருக்கிறவர் எந்தப் பக்கம் பார்ப்பது என்பது கல்கத்தாவிலேயே முடிவாகிவிட்ட விஷயம். நான் அதைச் சொல்லவில்லை.

மூன்று நிறுத்தங்கள்

ஏஜெண்டு மாடியில் நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் பக்கிரிசாமி, இரவல் கோட்டில். நான் அவர்களுக்குப் பின் வரிசை. கீழே பெஞ்சில் காதர், தலையில் துண்டு, இரு கைகளும் முழங்கால் மேல்.

முதல் நிறுத்தம் வந்தது. மூட்டை மூட்டையாக நெல் இறங்கியது. திரையில் பக்கிரிசாமி பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சு பேசவில்லை. பலர் காதரைத் திரும்பிப் பார்த்தார்கள். பாத்தவன் மூட்டைக்கு அடியில் கிடப்பதாகத் திரை சொன்னது. யாரோ ஒருவர் இருமினார்.

இரண்டாம் நிறுத்தம். "எளவரசி மாதிரி அழகு ஏழு லோகத்துலயும் இல்ல." அமைதி. கச்சான் கடலைத் தோல் உடைபடும் ஓசை மாடி வரை கேட்டது. "எனக்கு யாருடா காட்டுனா? கதவிடுக்குல மூக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது!" ஒருவரும் சிரிக்கவில்லை. ஏஜெண்டு காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

பக்கிரிசாமி இரவல் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். அவர் பார்த்தது திரையை அல்ல. கீழே இருட்டில் காதருடைய துண்டை.

மூன்றாவது, போர்க்களத்துக் காட்சி. படத்தில் அதுவே கடைசி வேடிக்கை. உடைந்த ஈட்டியோடு அரசர் முன் வந்து நின்று, பக்கிரிசாமி மார்பில் தட்டிக்கொள்கிறார்.

"எதிரிப் படை ஒண்ணு விடாம ஓடுது மன்னா!"

நிறுத்தினார். பார்த்தார்.

துறைமுகத்து ஆட்களுக்கு அந்த அமைதி எப்படி இருந்திருக்கும் என்று பின்னால் யோசித்திருக்கிறேன். கயிறு கட்டியாகிவிட்டது, கேள்வி வரவில்லை, மூட்டை மட்டும் மேலே எழுகிறது. அடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. இரண்டு முறை பொறுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது முறை காதர் வாயைத் திறக்கவில்லை. அவரைச் சுற்றியிருந்த பெஞ்சுகள் அத்தனையும் ஒரே குரலில் கேட்டன.

"பாத்தியா?"

"நான் எங்கடா பாத்தேன்? எனக்குப் பின்னாலல்ல ஓடியாறானுங்க!"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் படத்தில் திருமணமே முடிந்துவிட்டது. பாட்டு ஒன்று முழுவதும் யார் காதிலும் விழவில்லை. ஏஜெண்டு வரதராஜன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசலில் ரிக்‌ஷாக்களுக்கு நடுவே பக்கிரிசாமி அவரைக் கேட்டார்.

"சிரிச்சீங்களா இல்லையா?"

"சிரிச்சேன். பொய் சொல்லக் கூடாது."

"அப்ப?"

"படத்த ஊர் ஊரா அனுப்பலாம், மிஸ்டர் பக்கிரிசாமி. பினாங்க அப்படியே கப்பல்ல ஏத்தி ஊர் ஊரா அனுப்ப முடியாதே. நிறுத்தாமப் பேச உங்களால முடியுமா?"

பக்கிரிசாமி பதில் சொல்வதற்கு முன் நிறுத்தினார். தம்மையறியாமல் இடப்பக்கம் பார்த்தார். ஏஜெண்டும் அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை, ஒரு சோயாப் பால் வண்டி மட்டும் நின்றது. இருவருக்கும் விடை கிடைத்துவிட்டது. கைகுலுக்கிக்கொண்டார்கள்.

சுருள் மாற்றும் நேரம்

பக்கிரிசாமி இரண்டாவது படத்தில் நடிக்கவில்லை. திரையுலகில் அவர் கணக்கு ஒரு படத்தோடு சரி. அந்தப் படத்தின் பிரதி இன்று எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

காதர் அதற்குப் பிறகும் கொட்டகைக்கு வந்தார். வாயைத் திறக்கவில்லை. 'நான் சொல்ற வரைக்கும்' என்பது வாக்கு. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியவர் கொட்டகைப் பக்கம் வருவதையே நிறுத்தியிருந்தார். சந்தையில் அவரைக் கண்டவர்கள் உண்டு. ஒன்றும் வாங்காமல் போகிறார் என்றார்கள்.

கொட்டகையின் சீன முதலாளிக்கு வேறொரு கவலை. படம் ஓட்ட இருந்தது ஒரே இயந்திரம். சுருள் மாற்றும் போதெல்லாம் விளக்கைப் போட வேண்டும், பெஞ்சுகள் விசிலடிக்கும். அந்தச் சில நிமிடங்களுக்குத் திரைக்கு முன்னால் யாராவது நின்று ஏதாவது செய்ய வேண்டும். ஆள் அனுப்பிப் பக்கிரிசாமியைக் கேட்டார். பக்கிரிசாமி இரண்டு முறை மறுத்தார். மூன்றாவது முறை, ஒரு சனிக்கிழமை, வந்தார்.

விளக்கு எரிந்தது. வெள்ளைத் திரைக்கு முன்னால், வேடம் இல்லாமல், வேட்டி சட்டையோடு நின்றார். கையில் ஒன்றுமில்லை. அவரை மேடையில் வெறுங்கையோடு நான் கண்டதில்லை.

"கல்கத்தா போயிருந்தேன்" என்றார்.

நிறுத்தினார். பெஞ்சைப் பார்த்தார்.

ஒருவரும் கேட்கவில்லை. அன்று ஒரே குரலில் கத்தியவர்களும் இப்போது காதரைத்தான் பார்த்தார்கள். காதர் எழுந்து நின்றார். தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கப்பலின் அடிவயிறு வரை எட்டும் அந்தக் குரலில், கொட்டகைக்குள் முதல்முறையாக மரியாதையோடு கேட்டார்.

"அண்ணே! இப்ப வாயத் தெறக்கலாமாண்ணே?"

பக்கிரிசாமி நெற்றிக்கு மேல் கையை வைத்து அவரைப் பார்த்தார். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. பிறகு பதில் சொன்னார்.

என்ன சொன்னார் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று பலரை விசாரித்தேன். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் முன் வரிசையில் இருந்தேன். அவர் உதடு அசைந்ததைக் கண்டேன். ஆனால் பெஞ்சுகள் அதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டன. கொட்டகையில் யாருக்கும் ஒரு சொல்கூடக் கேட்டிருக்க வழியில்லை.